உறைவிடப் பள்ளி மாணவர்களின் உறக்கமும் நலமும்

உறைவிடப் பள்ளி மாணவர்களின் உறக்கம் என்பது, பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் வளரிளம் பருவத்தினரின் நலம் சார்ந்த அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகும். உணவு, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைப் போலவே உறக்கமும் விடுதி நிர்வாகம் ஏற்பாடு செய்து தர வேண்டிய ஒன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை எப்போது படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதைக் குடும்பம் முடிவு செய்கிறது. விடுதிப் பிள்ளைக்கு அதை முடிவு செய்வது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் கால அட்டவணை. எனவே விடுதி மாணவர் வகுப்பில் தூங்கி விழுந்தால், அதனை அவரது சோம்பலாக மட்டும் பார்ப்பது சரியாகாது.

இக்கட்டுரை நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள முள்ளுக்குறிச்சிப் பகுதியின் சூழலை முன்வைத்து, உறக்கத்தின் அறிவியலையும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அதற்காகச் செய்யக்கூடியவற்றையும் விளக்குகிறது. இதில் கூறப்படும் விடுதி நடைமுறைகள் பொதுவானவை; எந்த ஒரு பள்ளியையும் தனியாகக் குறிப்பன அல்ல.

முள்ளுக்குறிச்சியும் மலைப் பிள்ளைகளும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலைமேல் உள்ள ஊர்கள் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலை பலரும் அறிந்தது. இராசிபுரம், நாமகிரிப்பேட்டை பக்கமிருந்து மலைக்குச் செல்வோர் முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறுகின்றனர். மலைமேல் வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் மக்கள் தொகையில் மிகப் பெரிய பிரிவு இதுவே.

மலையூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பவை. நாள்தோறும் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று திரும்புவது பல பிள்ளைகளுக்கு இயலாது. இதனாலேயே பழங்குடியினர் நலத்துறை தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளிலும் அடிவாரங்களிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. முள்ளுக்குறிச்சியிலும் அத்தகைய மேல்நிலைப் பள்ளி உண்டு. இங்கு வரும் பிள்ளைகளுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைக் கல்வியை எட்டுபவர்கள். அவர்களுக்கு விடுதிதான் வகுப்பறைக்கு வழி.

மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் பிள்ளையின் உறக்கத்தில் மூன்று மாற்றங்கள் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. முதலாவது வெப்பம். உயரம் 1000 மீட்டர் குறைந்தால் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு கூடும் என்பது பொதுக் கணக்கு. போர்வையின்றி உறங்க முடியாத ஊரில் வளர்ந்த பிள்ளை, ஏப்ரல் மாத இரவில் காற்றில்லாத கூடத்தில் படுக்க நேர்கிறது. இரண்டாவது ஒளி. மலையூரில் இருட்டியதும் அடங்கும் வீட்டுக்கு மாறாக, விடுதியில் இரவு வெகுநேரம் விளக்கு எரிகிறது. மூன்றாவது பிரிவு. பத்து, பதினொரு வயதில் பெற்றோரைப் பிரிந்து, பலருடன் ஒரே கூடத்தில் உறங்கப் பழக வேண்டியுள்ளது.

எவ்வளவு உறக்கம் தேவை?

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. ஆறு மணி நேரம் உறங்கினால் போதும் என்னும் கருத்து பரவலாக இருந்தாலும், வளரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

வயது கூடக்கூட உறக்கத் தேவை விரைவாகக் குறைந்துவிடும் என்றே முன்பு கருதப்பட்டது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்காடனும் வில்லியம் டிமென்ட்டும் தொடங்கிய கோடைக்கால உறக்க முகாம் இதனைச் சோதித்தது. ஒரே பிள்ளைகள் ஆண்டுதோறும் முகாமில் தங்கவைக்கப்பட்டு, இரவு 10 மணி நேரம் படுக்க வாய்ப்பளிக்கப்பட்டனர். வயது கூடிய பின்னும் அவர்கள் சராசரியாக 9 மணி நேரத்துக்கும் சற்று மேலாகவே உறங்கினர். அதோடு, பூப்புப் பருவத்தைக் கடந்தவர்களுக்கு அதே அளவு உறங்கிய பின்னும் பகலில் தூக்கக் கலக்கம் கூடுதலாக இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஆறாம் வகுப்பு மாணவரைவிட மிகக் குறைந்த உறக்கம் போதும் என்னும் எண்ணத்துக்கு அறிவியல் சான்று இல்லை என்பதையே இம்முடிவுகள் காட்டின.

உறக்கம் எவ்வாறு வருகிறது?

உறக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் இயக்குகின்றன. 1982ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி இதனை ஒரு மாதிரியாக வகுத்துக் கூறினார்.

முதலாவது, உறக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. அது சேரச் சேர உறங்கும் விருப்பம் கூடுகிறது. உறங்கும்போது அது குறைகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் அடினோசினை அகற்றுவதில்லை. அது மூளையில் வேலை செய்யும் இடத்தை மட்டும் மறித்து நிற்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரமாகும். இரவுப் படிப்புக்கு முன் 8 மணிக்குக் குடிக்கும் தேநீர் நள்ளிரவு கடந்தும் உடலில் இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, உடற்கடிகாரம். ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் இக்கடிகாரத்தின் மூலக்கூறு நுட்பத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாலையில் ஒளி மங்கியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கத் தொடங்குகிறது. உடலின் உள்வெப்பம் மெல்லத் தணிகிறது. இவ்விரண்டும் உறக்கத்துக்கு வாயிலைத் திறக்கின்றன. கண்ணில் படும் வெளிச்சம் இச்சுரப்பைத் தள்ளிப்போடுகிறது.

ஒளி உடலின் இயக்கத்தை மாற்றும் என்பதை நாமக்கல் மாவட்டத்துக் கோழிப்பண்ணையாளர்கள் நடைமுறையில் அறிவர். முட்டைக் கோழிகளுக்கு இயற்கையான பகல் வெளிச்சத்தோடு மின்விளக்கையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஒளி கொடுப்பது அங்கு வழக்கம். முட்டையிடும் இயக்குநீர்கள் ஒளியின் அளவை ஒட்டிச் செயல்படுவதே காரணம். மனித உடலில் இது செயல்படும் விதம் வேறு. ஆனால் விளக்கு என்பது வெறும் வெளிச்சம் அன்று, உடலுக்கு அது நேரம் சொல்லும் செய்தி என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினரிடையே 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதனை மனிதரிடம் காட்டியது. மின்சாரம் உள்ள ஊரில் வாழ்ந்தோர், மின்சாரம் இல்லாத ஊரில் வாழ்ந்த தம் இனத்தவரைவிட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை குறைவாக உறங்கினர். எழுந்த நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. படுத்த நேரமே தள்ளிப்போயிருந்தது.

வளரிளம் பருவத்தில் உடற்கடிகாரம் இயல்பாகவே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை பின்னோக்கி நகர்கிறது. பத்து வயதில் 9 மணிக்குத் தானாக உறங்கிய பிள்ளைக்குப் பதினாறு வயதில் 10 அல்லது 11 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. இது கீழ்ப்படியாமை அன்று. பூப்புப் பருவத்தின் ஓர் உடலியல் கூறு. இப்பருவத்தினரை அதிகாலை 4 மணிக்கு எழுப்பும்போது, அவர்களது உடற்கடிகாரத்தின்படி அது 2 அல்லது 3 மணியாகவே இருக்கும்.

உறக்கமும் கற்றலும்

உறக்கத்தின்போது மூளை ஓய்வாகக் கிடப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வரும் சுழற்சிகளாக உறக்கம் அமைகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இலேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண்கள் விரைந்து அசையும் கனவு உறக்கம் ஆகிய நிலைகள் உள்ளன. கனவு உறக்க நிலையை 1953இல் யூஜின் அசரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் ஆகியோர் அறிவித்தனர்.

ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் மிகுதி. வளர்ச்சி இயக்குநீர் அதிகம் சுரப்பதும் அப்போதே. கனவு உறக்கம் இரவின் பிற்பகுதியில், அதாவது விடியலுக்கு முந்திய மணி நேரங்களில் மிகுதி. நேரம் கழித்துப் படுத்து அதிகாலையில் எழுப்பப்படும் மாணவர் முக்கியமாக இழப்பது இப்பிற்பகுதியையே. உணர்ச்சிகளைச் சமன் செய்வதில் கனவு உறக்கத்துக்குப் பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது. உறக்கம் குறைந்த பிள்ளைகளிடம் எரிச்சல், அழுகை, சிறு சொல்லுக்கும் சண்டை ஆகியன கூடுவது ஆசிரியர்களும் காப்பாளர்களும் நன்கறிந்த ஒன்று.

படித்தது மனத்தில் நிற்பதற்கும் உறக்கம் தேவை. 1924ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர் இரண்டு மாணவர்களைக் கொண்டு எளிய சோதனை ஒன்றை நடத்தினர. மாணவர்கள் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தனர். பின்னர் சில வேளைகளில் உறங்கினர். சில வேளைகளில் விழித்திருந்தனர். அதே அளவு நேரம் கழித்துக் கேட்டபோது, உறங்கி எழுந்த வேளைகளிலேயே அதிக அசைகள் நினைவில் இருந்தன. அதன்பின் நூறாண்டுகளில் நடந்த பல ஆய்வுகள் இதன் அடிப்படையை உறுதி செய்துள்ளன. பகலில் கற்றவை உறக்கத்தில் மீண்டும் ஒழுங்குபடுத்தப்பட்டு நிலைபெறுகின்றன. எனவே உறக்கத்தைப் படிப்பிலிருந்து திருடப்பட்ட நேரமாகக் கருதுவது தவறு. அது படிப்பின் இரண்டாம் பகுதி.

கால அட்டவணையின் கணக்கு

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி வகுப்புகள் பொதுவாகக் காலை 9 மணி அளவிலோ அதற்குப் பின்போ தொடங்குகின்றன. பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது மாணவர்க்கு உகந்த நேரமே. சிக்கல் வகுப்பு நேரத்தில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் சேர்க்கப்படும் படிப்பு நேரங்களில் உள்ளது.

பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு விடுதிகளில் பரவலாகக் காணப்படும் அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். காலை 5 மணிக்கு எழுதல், 5.30 முதல் 7 வரை படிப்பு, பின் குளியல், சிற்றுண்டி, 9 முதல் 4 வரை வகுப்பு, 4.30 முதல் 5.30 வரை சிறப்பு வகுப்பு, 6 முதல் 8 வரை படிப்பு, இரவு உணவு, 9 முதல் 10.30 வரை மீண்டும் படிப்பு. படுக்கை விரித்து விளக்கணைய 11 மணி ஆகும். உறக்கத்துக்கு எஞ்சுவது 6 மணி நேரம். குறைந்தபட்சத் தேவையான 8 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு 2 மணி நேரம் பற்றாக்குறை. வாரத்துக்கு ஆறு நாள் எனக் கொண்டால் 12 மணி நேரம். ஞாயிறு ஒரு நாள் கூடுதலாக உறங்கி இதனை ஈடுகட்ட முடியாது.

இத்தகைய அட்டவணை உருவானதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நாமக்கல் மாவட்டம் பொதுத்தேர்வு மதிப்பெண்ணை முன்னிறுத்திய தனியார் உறைவிடப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதும் பெயர் பெற்றது. நள்ளிரவு வரையும் அதிகாலையிலும் படிக்கவைக்கும் முறையைக் கண்டித்தவர்கள், மாவட்டத்தின் கோழித் தொழிலை நினைவூட்டும் வகையில் இவற்றைப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று அழைத்ததும் உண்டு. மதிப்பெண் போட்டியின் அழுத்தத்தைக் குறைக்கும் நோக்கில், 2017ஆம் ஆண்டு முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டது. எனினும், அதிக நேரம் உட்காரவைத்தால் அதிக மதிப்பெண் கிடைக்கும் என்னும் நம்பிக்கை பள்ளிகளிலும் பெற்றோரிடமும் தொடர்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே அதன் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதிகாலையில் எழுந்து படிப்பது தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலமாக மதிக்கப்படும் பழக்கம். அதில் பிழையில்லை. ஆனால் அதிகாலையில் எழுவோர் முன்னிரவிலேயே உறங்கவும் வேண்டும். முன்னிரவு உறக்கத்தை விட்டுவிட்டு அதிகாலை எழுவதை மட்டும் வைத்துக்கொள்வது பாதிப் பழக்கமே.

படுக்கை நேரமும் உறக்க நேரமும்

படுத்திருக்கும் நேரம் முழுவதும் உறக்கமாகாது. இதனைத் தெளிவாகக் காட்டிய முக்கிய ஆய்வு சென்னையில் நடந்தது. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மாட்டி டோமா ஆகியோர் சென்னையில் வாழும் குறைந்த வருவாய் உடைய 452 பேரின் உறக்கத்தை மணிக்கட்டில் அணியும் கருவி கொண்டு அளந்தனர். 2021இல் வெளியான அவ்வாய்வின்படி, அவர்கள் இரவில் ஏறத்தாழ 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும் சுமார் ஐந்தரை மணி நேரமே உறங்கினர். வெப்பம், இரைச்சல், கொசு முதலியவற்றால் உறக்கம் அடிக்கடி கலைந்தது.

அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மெத்தை, தலையணை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் போன்றவையும் ஊக்கமும் அளிக்கப்பட்டன. இரவு உறக்கம் 27 நிமிடங்கள் கூடியது. ஆனால் வேலைத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. மாறாக, பணியிடத்தில் அமைதியான இடத்தில் அரை மணி நேரப் பகல் தூக்கத்துக்கு வாய்ப்புப் பெற்றவர்களிடம் வேலைத்திறன், கவனம், மன நிறைவு ஆகியவை மேம்பட்டன. கலைந்து கலைந்து வரும் உறக்கத்தைச் சற்று நீட்டுவதைவிட, கலையாத உறக்கத்தின் தரம் முக்கியம் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. பங்கேற்றவர்கள் பெரியவர்கள், மாணவர்களுக்கு அம்முடிவுகளை அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் விடுதிக்கு ஒரு பாடம் உண்டு. விளக்கணைக்கும் நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது. கூடத்தின் வெப்பம், கொசு, இரைச்சல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

பிற இடங்களில் செய்த மாற்றங்கள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது எனப் பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளித் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, மாணவர்களின் அன்றாட உறக்கம் 34 நிமிடங்கள் கூடியிருந்தது. கிடைத்த நேரத்தைக் கூடுதலாக விழித்திருந்து வீணாக்குவர் என்னும் ஐயம் பொய்த்தது. கலிபோர்னியா மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம், 2022 சூலை முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்குவதைத் தடுத்தது.

இந்தியாவில் மகாராட்டிர அரசு 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகளைக் காலை 9 மணிக்கு முன் தொடங்க வேண்டாம் எனப் பணித்தது. பிள்ளைகளின் உறக்கக் குறைவே அதற்குக் கூறப்பட்ட முக்கியக் காரணம். நாடு முழுவதும் ஒரே நேர மண்டலம் இருப்பதால் மேற்கு மாநிலங்களில் கதிரவன் பிந்தி மறைவதை ஆராய்ந்த பொருளியலாளர் மௌலிக் ஜக்னானி, கதிரவன் ஒரு மணி நேரம் பிந்தி மறையும் இடங்களில் பிள்ளைகள் அரை மணி நேரம் அளவுக்குக் குறைவாக உறங்குவதாகவும், அவர்களது கல்வியும் பின்தங்குவதாகவும் கண்டார். வெளிச்சம் நீடித்ததால் பிந்திப் படுக்கும் பிள்ளைகள், பள்ளிக்காக அதே நேரத்தில் எழ வேண்டியிருப்பதே காரணம். ஏழைக் குடும்பப் பிள்ளைகளிடம் இப்பாதிப்பு கூடுதலாக இருந்தது.

விடுதியில் செய்யத்தக்கவை

பெரும்பாலான மாற்றங்களுக்குப் பெரிய செலவு தேவையில்லை.

படிப்பு நேரம்: இரவுப் படிப்பை 9 மணிக்கு முடித்து 9.30க்கு விளக்கணைத்து 5.30க்கு எழுப்பினால் 8 மணி நேரம் கிடைக்கும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கு 9 மணிக்கு விளக்கணைத்து 6 மணிக்கு எழுப்பினால் 9 மணி நேரமாகும். சிறியவர்களையும் பொதுத்தேர்வு மாணவர்களையும் தனித்தனிக் கூடங்களில் உறங்கவைப்பது இதற்கு உதவும். குறையும் ஒன்றரை மணி நேரப் படிப்பு, தூங்கி வழிந்தபடி புத்தகத்தைப் பிடித்திருக்கும் நேரமே என்பதால் இழப்பு சிறிது.

குளியலறை: பிள்ளைகளை முன்கூட்டியே எழுப்புவதற்குப் பல இடங்களில் உண்மையான காரணம் குளியல் வரிசை. நூறு பேருக்கு 5 குளியலறைகள் இருந்து, ஒருவருக்கு 6 நிமிடம் ஆனால், அனைவரும் குளித்து முடிக்க 2 மணி நேரமாகும். 10 குளியலறைகள் இருந்தால் ஒரு மணி நேரம் போதும். கூடுதல் குழாய் அமைப்பதும், ஒரு பகுதியினரை மாலை விளையாட்டுக்குப் பின் குளிக்கச் செய்வதும் உறக்க நேரத்தைக் கூட்டும் வழிகள்.

வெப்பமும் கொசுவும்: சன்னல்களுக்குக் கம்பிவலை, படுக்கைக்குக் கொசுவலை, ஓடும் மின்விசிறி, படுப்பதற்கு முன் கைகால் முகம் கழுவுதல் ஆகியவை பயன் தரும். குளிர்காலத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் போர்வை தேவை.

ஒளி: படுப்பதற்கு அரை மணி நேரம் முன் கூடத்தின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு மங்கிய விளக்கு ஒன்றை மட்டும் எரியவிடலாம். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் சிறு விளக்கு எரிய வேண்டும். இருட்டுக்கும் பாம்புக்கும் அஞ்சிச் சிறுநீரை அடக்கிக்கொண்டு விழித்துக் கிடக்கும் பிள்ளைகள் மலையடிவார விடுதிகளில் இருக்கக்கூடும். காலையில் எழுந்ததும் வெளியில் நின்று வெயில் படச் செய்வது உடற்கடிகாரத்தைச் சீராக்கும்.

உணவு: இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிப்பது நல்லது. பசியோடு படுப்பதும் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதால், உணவு வயிறு நிறையும்படி இருக்க வேண்டும். தேநீர் மாலை 4 மணியோடு நிற்கட்டும்.

பகல் ஓய்வு: மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம் மேசைமேல் தலைசாய்த்து ஓய்வெடுக்க அனுமதிப்பது, பிற்பகல் வகுப்புகளின் கவனத்தைக் கூட்டும். மாலையில் நீண்ட நேரம் உறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

விளையாட்டு: மாலையில் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் நல்ல உறக்கத்துக்குத் துணை. தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுவே. வெட்டக் கூடாததும் இதுவே.

தண்டனை: படுக்கையில் சிறுநீர் கழித்தல், வகுப்பில் தூங்குதல் ஆகியவற்றுக்குப் பிறர் முன் திட்டுவதோ தண்டிப்பதோ கூடாது. அச்சம் உறக்கத்தை மேலும் கெடுத்து, அதே சிக்கலைப் பெருக்கும்.

வீட்டு ஏக்கமும் மனநலமும்

விடுதியில் சேர்ந்த முதல் சில வாரங்களில் பிள்ளைகள் இரவில் அழுவதும் உறங்காதிருப்பதும் இயல்பு. பகலில் ஆட்டத்திலும் பாடத்திலும் மறந்திருக்கும் வீட்டு நினைவு விளக்கணைந்ததும் வந்துவிடுகிறது. ஒரே ஊரிலிருந்து வந்தவர்களை அருகருகே படுக்க வைப்பது, மேல்வகுப்பு மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்துவது, வாரத்தில் குறித்த நாளில் வீட்டாரோடு பேச வாய்ப்பளிப்பது ஆகியன ஆறுதல் தரும். படுக்கும் முன் காப்பாளர் ஒருமுறை கூடத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு சொல் பேசுவது சிறு செயல்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு அது அன்று கிடைக்கும் ஒரே தனிப்பட்ட கவனிப்பாக இருக்கலாம்.

உறக்கமின்மையும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மனச்சோர்வு உள்ளவர்க்கு உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டவர்க்கு மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுகிறது. எனவே உறக்கத்தில் தோன்றும் மாற்றம், பேசத் தயங்கும் பிள்ளை தன்னை அறியாமல் தரும் முதல் செய்தியாக இருக்கக்கூடும்.

மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நிலைகள்

போதிய நேரம் உறங்கியும் சோர்வு நீங்காவிட்டால் வேறு காரணம் உண்டா எனப் பார்க்க வேண்டும். கீழ்க்காணும் அறிகுறிகள் கவனிக்கத்தக்கவை.

- முகமும் நகமும் வெளிறி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதல். இது இரத்தசோகையாக இருக்கலாம். பள்ளிகளில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளச் செய்ய வேண்டும். உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்.
- உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுதல். மூக்கடியான், தொண்டைச்சதை வீக்கம் போன்றவை காரணமாகலாம்.
- இரவில் இருமலும் இழுப்பும். ஆஸ்துமாவாக இருக்கலாம்.
- இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை அல்லது மிகை உறக்கம், உணவில் நாட்டமின்மை, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல்.
- வாழ்வதில் பொருளில்லை என்பது போன்ற பேச்சு. இதனை விளையாட்டாகக் கொள்ளாமல், பிள்ளையைத் தனியே விடாமல், உடனே உதவி பெற வேண்டும்.

இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சிறார் உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வழிகாட்டல் எண் 14417. இந்த எண்களை விடுதியில் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைப்பதோடு, பேசுவதற்கு ஒரு தொலைபேசியும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

மாணவர்கள் அறிய வேண்டியவை

நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது உறக்கத்துக்கு மிகச் சிறந்த பழக்கம். விடுமுறைக்கு மலையூருக்குச் செல்லும்போதும் எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் மாற்றாதிருந்தால், திரும்பி வந்த முதல் வாரம் எளிதாகக் கழியும். கைபேசியைப் படுக்கைக்குக் கொண்டு செல்லாதிருப்பது நல்லது. மனப்பாடம் செய்ய வேண்டியவற்றைப் படுப்பதற்கு முந்திய படிப்பு வேளையில் ஒருமுறை பார்த்துவிட்டு உறங்கி, காலையில் மீண்டும் நினைவுகூர்ந்து பார்க்கலாம். தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்துப் படிப்பதால் மறுநாள் கவனமும் நினைவும் குறையும். தெரிந்த விடையும் அப்போது கைக்கு வராது.

உறக்கத்தால் மட்டும் கல்வியின் எல்லாத் தடைகளும் நீங்கிவிடா. ஆசிரியர் பற்றாக்குறை, வறுமை, பாதியில் படிப்பை விடுதல் ஆகியவற்றுக்குத் தனித் தீர்வுகள் தேவை. ஆனால் வீட்டை விட்டு இறங்கிவந்து படிக்கும் பிள்ளைக்கு, பகலில் கற்பதைத் தக்கவைத்துக்கொள்ளும் ஆற்றலை இரவுதான் தருகிறது. பள்ளி நிர்வாகம், காப்பாளர், பெற்றோர் ஆகியோர் கூடிக் கால அட்டவணையை ஒருமுறை எடுத்து, அதில் உறக்கத்துக்கு எத்தனை மணி நேரம் எஞ்சுகிறது என்று கூட்டிப் பார்ப்பதே முதற்படி.